இரண்டு பிறைக்கு ஒரு நாள் விடுமுறை

எங்கள் தெருவில் யாருக்கு என்ன தெரிய வேண்டியிருந்தாலும் முதலில் ரைஹானாவைத்தான் கேட்பார்கள். ரைஹானா என் மகன் அஸ்கரின் மனைவி. மெல்பேர்ண் ஓரத்து ட்ருகனினாவில், பெரிய வெயர்ஹவுஸ்களுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடம் போகாதவள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பேத்தி ரிஸ்னா. சொன்னதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் அவளைக் கதிரையில் இருத்தியிருக்கிறேன்.

ரைஹானா பேருவளைப் பிள்ளை. கலியாணம் முடித்து மெல்பேர்ண் வந்தபோது இருபத்துநாலு வயது, இப்போது நாற்பத்திரண்டு. வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் குசினி வேலை செய்கிறாள். காலை ஆறரைக்குப் போய் மூன்று மணிக்கு வருவாள். வந்ததும் எங்கள் குசினியில் மா டின்னில் சாத்தி வைத்த போன் விழித்துக்கொள்ளும். ஒரு கை வெங்காயம் உரிக்க, மறு கை அந்தக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

போனில் எந்த இணையத்தளம் எதற்கு என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உடுப்புக் காயப்போடுவதற்கு முன்னால் மேகம் எங்கே நிற்கிறது என்று காட்டும் படத்தைப் பார்ப்பாள். எந்தக் கடையில் எந்தக் கிழமை எண்ணெய் பாதி விலை என்று ஒரு தளம் சொல்லும். வீடு மாறிப் போகிறவர்கள் பழைய சாமான்களைப் போடும் தளம் இன்னொன்று. எங்கள் கராஜில் இருக்கும் பெரிய குளிர்பெட்டி அப்படித்தான் சும்மா கிடைத்தது. கொடுத்த வெள்ளைக்காரிக்கு இவள் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அது இன்னும் வேண்டும் என்று அவள் இப்போதும் எழுதிக் கேட்கிறாளாம்.

கித்துள் கருப்பட்டிக்கு டான்டினோங்கில் ஒரு கடை, அதை வீட்டுக்கே அனுப்பும். ஆனால் விலையைக் காட்டுவதற்கு முன்னால் கார்ட் இலக்கம் கேட்கும் கடைக்குள் அவள் காலே வைக்கமாட்டாள். அடியில் போன் நம்பரும் விலாசமும் போடாத கடையையும் மூடிவிடுவாள். "மாமி, முகத்தைக் காட்டாதவன்ட்ட என்னத்துக்கு யாவாரம்?" என்பாள்.

போன குளிருக்கு எனக்குச் சப்பாத்து வாங்கியதும் போனில்தான். என் காலை அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அடிமட்டத்தால் அளந்து, அந்தத் தளத்தில் இருந்த அளவோடு ஒத்துப் பார்த்தாள். எனக்கு வேண்டாம், ஊர்ச் செருப்பே போதும் என்றேன். வந்த பிறகும் ஒரு கிழமை போடவில்லை. நான் சொன்ன சொல்லை இலேசில் மாற்றுகிறவள் இல்லை. எட்டாம் நாள் குளிர் தாங்க ஏலாமல் போட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. அவள் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

பழைய வானொலி நாடகங்களை யாரோ ஒரு புண்ணியவான் ஒரு தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறான். அசர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரத்தில், எனக்கு அதைப் போட்டுவிடுவாள். வாசிக்கத் தெரியாதவளுக்குக் காது போதும்.

இவ்வளவும் தெரிந்த ரைஹானாவை ஒரே ஒரு விஷயம்தான் அலைக்கழித்தது. அது பிறை.

எங்களுக்குப் பிறை பார்த்துத்தான் நோன்பு முடிந்து பெருநாள் வரும். இந்த நாட்டில் அதற்கு இரண்டு தளம். ஒன்று கணக்குப் போட்டு, இன்ன நாள் பெருநாள் என்று மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடும். மற்றது இருபத்தொன்பதாம் நோன்பு அந்தியில் கண்ணால் கண்டவர் உண்டா என்று விசாரித்து, சூரியன் மறைந்து மஃரிப் தொழுத பிறகுதான் வாய் திறக்கும். சில வருடம் இரண்டும் ஒரே நாளைச் சொல்லும். சில வருடம் ஒரு நாள் தள்ளிப் போகும்.

என் மகன் அஸ்கர் கண்ணால் காணும் கட்சி. ரைஹானாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன், அவள் வாயில் நானா, ஹசன் கணக்குக் கட்சி. ஹசன் சிட்னியில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. உம்மாவும் வாப்பாவும் போன பிறகு ரைஹானாவுக்குத் தாய்வீடு என்று இருப்பது அந்த நானாதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஹசன் பெண்சாதி பிள்ளைகளோடு பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வருடம் தளங்கள் இரண்டும் பிரிந்துவிட்டன. அவர்களுக்குப் பெருநாள், எங்களுக்கு முப்பதாம் நோன்பு. புது உடுப்போடு தொழுதுவிட்டு வந்து நின்றவர்களிடம் அஸ்கர், "நோன்பு நாள்ல எங்கட வீட்டு அடுப்பு பகல்ல எரியாது மச்சான்" என்று சொல்லிவிட்டான். அப்போது நானும் நோன்பு. அவனைத் தடுக்க எனக்கும் தோன்றவில்லை, அதை மறைக்கமாட்டேன். ஹசன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஷொப்பிங் சென்டருக்குப் போய், சனத்துக்கு நடுவில், பெருநாள் உடுப்போடு சிப்ஸ் என்கிற உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுவிட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனில் தங்கச்சியோடு பேசுவார். அஸ்கரைச் சுகம் விசாரிக்கமாட்டார்.

எங்கள் ஆட்கள் விருந்துக்கு சஹனில் சாப்பிடுகிறவர்கள். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி இருந்து, ஒரே தட்டில் கை வைப்போம். மனக்கசப்பு உள்ள இருவர் ஒரு சஹனில் இருக்கமாட்டார்கள். ரைஹானாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நானாவும் புருஷனும் ஒரு சஹனில் கை வைக்க வேண்டும்.

இந்த வருடம் நோன்பு தொடங்கும் முன்பே அவள் தேடத் தொடங்கிவிட்டாள். அவளுடைய வேலையில் விடுமுறை வேண்டுமென்றால் நாலு கிழமைக்கு முன்னால் அவர்களுடைய தளத்தில் பதிய வேண்டும். கிடைப்பது ஒரே ஒரு நாள். பிறை இன்னும் பிறக்கவே இல்லை, இவள் நாளைச் சொல்லியாக வேண்டும். உலகப் படத்தில் எந்த ஊரில் பிறை தெரியும் என்று நிறம் பூசிக் காட்டும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தாள். மெல்பேர்ண் பச்சை நிறத்துக்குள் இருந்தது.

"மாமி, இந்த முறை கண்ணுக்கும் தெரியும், கணக்குக்கும் சரி. ரெண்டு தளமும் வெள்ளிக்கிழமைதான் சொல்லும்" என்றாள்.

"பச்சை எவ்வளவு தூரத்துக்கு இருக்கு?" என்று கேட்டேன்.

"ஓரத்துலதான். ஆனா உள்ளுக்கு."

வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை பதிந்தாள். நானாவுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பிள்ளைகள் இன்னும் அந்தப் பொரியலை மறக்கல்ல தங்கச்சி" என்றார் ஹசன்.

"இந்த முறை நான் பொறுப்பு நானா. என்ட சொல்லை நம்புங்க."

பெண்சாதியிடம் ஏதோ கேட்டார். பிறகு, "உன்ட சொல்லுக்காக வாறம்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு பேரும் வந்திறங்கினார்கள். அஸ்கர் சலாம் சொன்னான், ஹசன் பதில் சொன்னார். கணக்குக்காரருக்கும் அன்றைக்கு நோன்புதான், அதனால் மஃரிபுக்கு எல்லாரும் கஞ்சி குடித்து நோன்பு திறந்தார்கள். ஆனால் ஹசன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று குடித்தார்.

அஸ்கர் வெளியே போய் மேற்கே பார்த்தான். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றினான். வானம் முழுக்க மப்பு. உடுப்புக் காயப்போட நூறு தரம் மேகம் பார்க்கிறவள், பிறைக்கு மேகம் பார்க்க மறந்துபோனாள். பச்சை நிறத்தையே நம்பிவிட்டாள்.

"பெர்த்தில பார்ப்பாங்க" என்றாள். அது நாட்டின் மேற்கு ஓரம், அங்கே சூரியன் மறைய இன்னும் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலமும் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டு, போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் அதே தளத்தைத் தட்டியிருக்க வேண்டும், பக்கம் திறக்கவே இல்லை.

ஹசன் சும்மா இருக்கவில்லை. "உங்கட பிறை பெர்த்தில இருந்து பஸ்ஸில வாறதா மச்சான்?" என்று கேட்டார்.

"உங்கட பிறை கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்து அதுக்குள்ளேயே பெருசாகுதே, அதுக்கு இது மேல்" என்றான் அஸ்கர்.

ரிஸ்னா, "ஓ மை கோட், ஸ்டொப்" என்றாள். இப்போது அதை எழுதமாட்டேன் என்கிறாள். சொன்னதுதானே, எழுது.

கடைசியில் பக்கம் திறந்தது. ரைஹானா வாசித்தாள், வாசித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்: "காணல்லையாம். நாளைக்கு எங்களுக்கு முப்பது."

ஹசன் எழும்பினார். பெண்சாதியைப் பார்த்து, "பிள்ளைகள்ட உடுப்பை வெளிய எடுக்க வேணாம். காலையில தொழுதிட்டு அப்படியே போவம்" என்றார். சின்னவன், "மறுபடி சிப்ஸா?" என்று கேட்டான். அஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனாக வாய் திறக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பிடிவாதம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது.

ரைஹானா முட்டைக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நானா, இருங்க" என்றாள். "என்ட பிழைதான். படத்தை நம்பி நான்தான் சொன்ன. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் முகத்தைத் திருப்ப வேணாம்." பிறகு அஸ்கரைப் பார்த்தாள். "மாமிக்கு நோன்பு இல்ல. ஊசி தொடங்கின நாள்ல இருந்து மாமிக்கு நான் காலையில வேலைக்குப் போக முன்னமும் சமைக்கிற, மூணு மணிக்கு வந்தும் சமைக்கிற. இந்த இருபத்தொன்பது நாளும் நம்மட அடுப்பு பகல்ல எரிஞ்சதா இல்லையா?"

அஸ்கர் தலையைத் தூக்கினான். "அது உம்மாவுக்கு."

"நாளைக்கும் உம்மாவுக்குத்தான். உம்மாவோட நானாவும் பிள்ளைகளும் இருந்து தின்னுவாங்க. விருந்துச் சாப்பாடு மஃரிபுக்கு. அப்ப நீங்களும் வாய் திறக்கலாம்."

சீனி வருத்தத்துக்கு ஊசி போடத் தொடங்கி இரண்டு வருடம். நோன்பு பிடிக்கக் கூடாதென்று டொக்டர் சொன்னார், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுகிறோம். எல்லாரும் நோன்பிருக்கும் வீட்டில் தனியே உட்கார்ந்து தின்பது எனக்குப் பெரிய வெட்கம். இந்த இரண்டு வருடமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றேன். அந்த வெட்கத்தைத்தான் என் மருமகள் எடுத்து நடு மேசையில் வைத்தாள். அவள் அதை என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

அஸ்கர் என்னைப் பார்த்தான். "எனக்குத் தனியத் தின்னு அலுத்துப்போச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஓம், சரி" என்றான்.

மறுநாள் கணக்குக் கட்சியின் பெருநாள் தொழுகை எங்கே, எத்தனை மணிக்கு என்று ரைஹானா தளத்தில் தேடி எடுத்தாள். டார்னீட்டில் ஒரு விளையாட்டுத் திடல். ஹசனுக்கு வழி தெரியாது என்று நோன்போடு அவளே கார் ஓட்டிக் கொண்டுபோய் விட்டாள். அவர்கள் புறப்படும்போது அஸ்கர் வேலைக்குப் போக வாசலில் நின்றான். ஹசனின் கையைப் பிடித்து, "ஈத் முபாரக், மச்சான்" என்றான். "நாளைக்கு நான் திருப்பிச் சொல்றன்" என்றார் ஹசன். சொன்ன பிறகுதான் நாளைக்குக் காலையில் தான் இங்கே இருக்கப் போவதில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை விமானத்துக்குத்தான் திரும்பும் டிக்கெட்.

தொழுதுவிட்டு வந்து என்னோடு இருந்து தின்றார்கள். இடியப்பம், கோழிக் கறி, வட்டிலப்பம். நோன்போடு நின்று பரிமாறுகிறவளுக்கு முன்னால் தின்ன ஹசனுக்குக் கூச்சம். "தின்னுங்க நானா, நான் வேலை செய்ற இடத்தில ஒவ்வொரு நோன்புக்கும் நாற்பது பேருக்குப் பரிமாறுறவ" என்றாள். சின்னவன் வட்டிலப்பம் மூன்று முறை வாங்கினான்.

மஃரிபுக்கு இரண்டு சஹன் வைத்தாள். ஒன்று ஆண்களுக்கு, பக்கத்தில் ஒன்று எங்களுக்கு. அஸ்கர் ஈத்தம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு வந்து இருந்தான். ஹசன் நேர் எதிரே இருந்தார். பிஸ்மி சொல்லி இருவரும் கை வைத்தார்கள். பிறகு அஸ்கர் தன் பக்கத்து இறைச்சித் துண்டை ஹசன் பக்கம் தள்ளினான். சஹனில் அது வழக்கம், மூத்தவருக்குத் தள்ளுவது. ஹசன் அதைப் பிய்த்துப் பாதியைத் திருப்பித் தள்ளினார்.

"நாளைக்கு உங்களுக்குத் தொழுகை எத்தின மணிக்கு மச்சான்?" என்று கேட்டார்.

"ஏழரைக்கு."

"ரைஹானா இருப்பாதானே?"

"நான் வேலைக்குப் போகணும் நானா" என்றாள் ரைஹானா எங்கள் சஹனிலிருந்து. "என்ட லீவு இண்டைக்கு முடிஞ்சிபோச்சு. ஆரும் மாறித் தரல்ல. மூணு மணிக்குத்தான் வருவன்."

அவளுடைய பெருநாளில் அவள் இருக்கப்போவதில்லை என்பது அப்போதுதான் ஹசனுக்குப் புரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அந்த டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்த ஏலுமா?"

ரைஹானாவின் வலது கை சஹனில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இடது கையால் போனைப் பக்கத்தில் இழுத்து, விமானக் கொம்பனியின் தளத்தைத் திறந்தாள். "எத்தின பேருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு பேருக்கும்" என்றார் ஹசன்.