பதினொரு எழுத்து விலாசம்

மேலாளர் அறையைக் கூட்டி முடித்ததும் குந்தலா நாஹாக் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் பலகையைத் துடைக்கிறாள். வங்கியின் பெயர், கிளையின் பெயர், அதற்குக் கீழே நீல வண்ணத்தில், வெளியூரிலிருந்து பணம் அனுப்பத் தேவைப்படும் கிளைக் குறியீடு. நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், ஆறு எண்கள். மேலிருக்கும் இரண்டு வரிக்கும் ஒவ்வோர் இழுப்பு. குறியீட்டை மட்டும் விரல் நுனியைத் துணிக்குள் விட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பதினொன்றையும் வரிசை மாறாமல் சொல்வாள்.

உரக்கடை மாடியில் இருக்கும் அந்தக் கிளையில் பதினாலு வருஷமாக அவள் தற்காலிக ஊழியர். கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, டீ வாங்கி வருவது. சம்பளம் இதற்குத்தான். ஆனால் பத்தரை மணிக்கு மேல் பெஞ்சில் வந்து உட்காரும் பெண்களுக்கு அவள்தான் வங்கி. அவர்கள் வீட்டு ஆண்கள் சூரத்தில் தறி ஓட்டுகிறார்கள். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் நானி, ஒடியாவில் அக்கா.

யாராவது போனை நீட்டினால் வாங்கி, கன்னத்தில் இருக்கும் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, மறுமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்பவனுக்குக் குறியீட்டைக் கத்திச் சொல்வாள். "அஞ்சாவது முட்டைப்பா. எந்த பேங்க்குன்னாலும் அஞ்சாவது முட்டைதான்." சொல்லி முடித்ததும் விட மாட்டாள். "நான் சொன்னேன்ல, இப்ப நீ எனக்குச் சொல்லு." கணக்கு எண்ணும் அப்படியே இரண்டு தடவை. யாரோ அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து எழுத விடமாட்டாள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி யாராவது விவரம் கேட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவளிடம் பதில் உண்டு. "இந்தக் குறியீட்ட யார்கிட்ட வேணா சொல்லு, அது தெருப் பேரு மாதிரி, செவுத்துலயே எழுதிருக்கு. போனுக்கு வர்ற நம்பர் இருக்கு பாரு, அது சாவி. அத என்கிட்டயே சொல்லாத."

மதியம் இரண்டு மணிக்குப் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் தரையில் உட்கார்ந்து, பகாளா என்னும் பழைய சோற்றைத் தண்ணீரோடு பிசைந்து, வறுத்த வடகத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவாள். வாடிக்கையாளர் நாற்காலியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மாதம் ஒரு நாளைத் தவிர.

அது எட்டாம் தேதி. அன்று அச்சு இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன்னுடைய பாஸ்புக்கை உள்ளே விடுவாள். கணவன் தாசரதி அனுப்பும் பணம் அன்றுதான் வரும். அவன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. சித்திரையில் தண்ட விரதத் திருவிழாவுக்கு எல்லா ஆண்களும் வருவார்கள்; அவன் வருவதில்லை. அவனிடம் இருந்த போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று ஒருவன் வந்து சொன்னான். இல்லை, நெஞ்சுச் சளிக்குப் பயந்து தறியை விட்டுவிட்டான் என்றான் இன்னொருவன். குந்தலா இரண்டு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினாள். பணம் மட்டும் தவறுவதில்லை. அந்த வரியில் அவன் பெயரும், அவன் அனுப்பிய கிளையின் குறியீடும் இருக்கும். அதை இளம் அதிகாரி பிரதீப்த பாபுவிடம் காட்டினால் கணினியில் தேடி ஊர்ப்பெயர் சொல்வார். முதலில் சூரத். பிறகு வாபி. போன தசராவிலிருந்து பிவண்டி.

"பிவண்டில கருவாடு கிடைக்குமா பாபு?" என்று கேட்டாள் அன்று. கட்டாக்கைத் தாண்டாத பிரதீப்த பாபு, கிடைக்கலாம் நானி என்றார். "அது இல்லாம அவருக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அரிசி மில் சந்து ஜெமா ஒருநாள் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "நானி புருஷனுக்கு ஊரு இல்ல, தெரு இல்ல. விலாசமே பதினொரு எழுத்துதான்."

"உன் புருஷன் வீட்லயேதான் இருக்கான்" என்றாள் குந்தலா, துடைப்பத்தை நிறுத்தாமல். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவன் விலாசம் உனக்குத் தெரியுமாடி?"

பெஞ்சு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெமாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். வங்கியைப் பெரிய வங்கி ஒன்றோடு சேர்த்தாகிவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பழைய குறியீடு செல்லாது. அதைப் போட்டு அனுப்பினால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பிரதீப்த பாபு கவலைப்பட்டதுபோல் ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரத்தில் குந்தலா நாலு ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். புதுக் குறியீட்டைச் சீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டாள். தன் எதிரிலேயே சூரத்துக்குப் போன் போட வைப்பாள். "மொதல்ல ஒரு ரூபா போடச் சொல்லு. வந்துச்சான்னு அவன் கேக்கட்டும். வந்துச்சுன்னு நீ சொல்லு. அப்புறமா மிச்சத்த அனுப்பட்டும்." பெயிண்ட் அடிப்பவன் பலகையில் பழைய எழுத்துகளின் மேல் வெள்ளையடித்த அன்று அவனுக்கு டீ கொடுத்துவிட்டு, அவன் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

நானூறு வீட்டுக்குச் சொன்னவளின் புருஷனுக்கு யார் சொல்வது? பெஞ்சில் யாரும் இதைக் கேலியாகக் கேட்கவில்லை.

பிரதீப்த பாபு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பிவண்டிக் கிளைக்கு எழுதினால் அவர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குப் புதுக் குறியீட்டைத் தெரிவித்துவிடுவார்கள். கணக்குக்காரியின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பம் போதும். அவரே அதை ஆங்கிலத்தில் எழுதி, அவளுக்கு ஒடியாவில் படித்தும் காட்டிவிட்டார். பெர்ஹாம்பூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் அவள் மகள் லோபாவின் விடுதிக் கட்டணம் அந்த எட்டாம் தேதிப் பணத்தில்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். குந்தலா நாளைக்குப் போடுகிறேன் என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். மூன்றாம் நாள் அவர் மேஜைக்கடியில் கூட்டிக்கொண்டே கேட்டாள்.

"பாபு, பணம் திரும்பிப் போனா அவருக்குத் தெரியும்ல?"

"ரெண்டு மணி நேரத்துல மெசேஜ் போயிரும் நானி."

"ஏன் போகலன்னு யார்கிட்டயாவது கேட்டாகணும்ல?"

பிரதீப்த பாபு பேனாவைக் கீழே வைத்தார்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் தாசரதி சூரத்தில் கணக்குத் தொடங்கியதை அவள் அப்போது சொன்னாள். முதல் தடவை ஒரு ரூபாய் அனுப்பிவிட்டு, கீழே உரக்கடைப் போனுக்குக் கூப்பிட்டு, வந்ததா என்று கேட்டானாம். இவள் மாடி ஏறி, வரிசையில் நின்று, பாஸ்புக்கில் பதிந்து வாங்கிக்கொண்டு இறங்கி வரும்வரை அவன் போனை வைக்கவில்லையாம். போன் காசு மட்டும் அறுபது ரூபாய்க்கு மேல் ஓடியிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அரிசி விலை, குழந்தைக்குக் காய்ச்சல், கூரைக்கு ஓலை.

"கேள்வி கேட்டுட்டு என் பதிலுக்காக அவர் நின்னது அந்த ஒரு தடவதான் பாபு" என்றாள். "என் போன் நம்பர நான் மாத்தவே இல்ல. நீங்க எழுதிப் போட்டா பிவண்டிக்காரன் சொல்லிருவான், பணம் வந்துரும். அவரு கேக்க வேண்டியதே இல்லாமப் போயிரும்."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் லோபாவுக்குப் போன் செய்து சொன்னார். மார்ச் முப்பதாம் தேதி காலையில் வந்து இறங்கிய லோபா, வழியிலேயே வங்கிக்குப் போய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அன்று குந்தலாவுக்கு விடுப்பு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் பாயில் கடிதத்தை விரித்து, மேலே பேனாவை வைத்தாள்.

"போடு மா. இன்னிக்கு விட்டா நாளைக்கு ஒரு நாள்தான்."

குந்தலா அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள்.

"அப்பா வேணாம்னு நான் சொல்லல. எனக்கு ஃபீஸும் வேணும்."

"வேணும்தான்."

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் சொன்ன. ஒருத்தர் காசும் நிக்கக்கூடாதுன்னு அந்த வெயில்ல அலைஞ்ச. நம்ம காச மட்டும் நீயே திருப்பி அனுப்பப் பாக்குற."

குந்தலா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். தரை ஈரம் படாமல் கடிதத்தை எடுத்து மாடத்தில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தாள். கொடியிலிருந்து மாற்றுச் சேலையை உருவி வாளியில் போட்டாள், சோப்பைப் போட்டாள்.

லோபாவின் குரல் இறங்கிவிட்டது. "சரி மா, கூப்பிடுவார்னே வெச்சுக்குவோம். கூப்பிடலன்னா? திரும்பி வந்துருச்சு, விட்டது தொல்லைன்னு அவர் பாட்டுக்கு இருந்துட்டா?"

குந்தலா சார்ஜரிலிருந்து போனைக் கழற்றினாள். சத்தம் முழுசாக வைத்திருக்கிறதா என்று பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். சர்க்கரை வந்த பாலித்தீன் பையை உதறி, அதற்குள் போனைப் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிச்சுப் போட்டாள். அதை வாளியில் சேலைக்கு மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு, நிலைப்படியில் தலை குனிந்து, குளத்துக்குக் கிளம்பிப் போனாள்.