நஞ்சப்பன் வாங்கிய டயர்

1993 டிசம்பர் முழுக்க நஞ்சப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ரயிலில் எல்லோரும் பேப்பர் படிப்பார்கள், இவன் நோட்டில் டயர் வரைந்துகொண்டிருப்பான். எடுத்த முடிவு அடுத்த ஸ்டேஷன் வரை தாங்கினால் பெரிது.

ஒரு டயருக்கு இத்தனை பாடா என்று சிரிக்க வேண்டாம். வீடே அதை நம்பித்தான் நின்றது. போன வருஷம் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தோடு அந்த வீட்டை வாங்கினான். உடுமலைப்பேட்டைக்காரனுக்கு மண் இல்லாத வீடு வாங்க மனசு வரவில்லை. மனைவி சாரதா ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட், அதாவது பயிற்சியில் இருக்கும் டாக்டர். பக்கத்திலேயே ஒரு அபார்ட்மென்ட் போதும் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! முதல் குளிர்காலத்திலேயே, வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் முந்நூறு அடிச் சரிவைப் பனி மூடி, இரண்டு நாள் அவளால் டியூட்டிக்குப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எச்சரித்து விட்டார்கள்.

“இந்த விண்டர்ல ஒரே ஒரு நாள் நான் டியூட்டி மிஸ் பண்ணுனாலும், வீட்டை வித்துப்போடலாமுங்க. சரின்னு சொல்லுங்க” என்றாள்.

சரி என்றான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே அவள் சொன்னதைச் செய்வாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

பனி தள்ளுவதற்கென்று பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கும், முன்னால் பிளேடு. டயர் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முன்னும் பின்னும் பொருந்தாத ஜோடியைப் போட்டால் கியர் போய்விடும், ஆகவே நாலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டயர் கடைக்காரர் எட் மூன்று வகை காட்டினார். மண்ணைக் கவ்வ ஆழமான ரப்பர்ப் பட்டை வைத்த வயல் டயர் ஒன்று, புல்வெளியில் ஓட்டுகிற அகலமான டயர் ஒன்று, இரண்டுக்கும் நடுவாகக் கட்டட வேலைக்கானது ஒன்று. புல்வெளி டயரைப் போட்டு அதன்மேல் இரும்புச் சங்கிலி சுற்றி மாட்டு, பனியில் அதுதான் பிடிக்கும் என்றார்.

நஞ்சப்பன் வீட்டுக்கு வந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

“புல்லு வெட்டற டயரை மாட்டச் சொல்றான் சாரதா. இவனுக்குச் சேறு தெரியுமா, உழவு தெரியுமா?”

“அவரு உழவுக்குச் சொல்லலீங்க. ஸ்னோவுக்குச் சொல்றாரு.”

நாலு முறை கடைக்குப் போன் செய்தான், நாலு முறையும் வேறு வேறு டயர் சொன்னான். கடைசியில் ஜெயித்தது வயல் டயர்தான். சக்கரம் வழுக்காமல் அழுந்தி நிற்க, எடைக்காக டயருக்குள் ஏதாவது ஊற்றித் தரட்டுமா என்று எட் கேட்டார். வேண்டாம், அது எனக்கே தெரியும் என்றான்.

தெரியும்தான். ஊரில் அப்பாவின் டிராக்டருக்கு எத்தனை முறை செய்திருக்கிறான்! வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே வரும்படி திருப்பி, தோட்டத்துக் குழாயைச் செருகினான். முக்கால் டயர் தண்ணீர். இன்னொன்றுக்கும் அப்படியே. சரிவில் ஏற்றி இறக்கி, சாரதாவைக் கூப்பிட்டுக் காட்டினான். மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது டிராக்டர். அன்றுதான் அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

ஜனவரியில் ஐந்து நாள் விடாமல் கடுங்குளிர். ஆறாம் நாள் பனி கொட்டும் என்று டிவியில் சொன்னார்கள். ஆபீஸிலிருந்து வந்தவன் நேரே கொட்டகைக்குப் போய் ஆயில் பார்த்தான், பிளேடைத் துடைத்தான், மறுபடியும் ஆயில் பார்த்தான்.

காலையில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. இன்ஜின் ஒரே திருகில் கிளம்பியது. ஆனால் வண்டி நகரவும் ஒரு பக்கம் தூக்கிப் போட்டது, பிறகு மறுபக்கம். நொண்டி மாடு மாதிரி விந்தி விந்திச் சரிவின் தலைக்கு வந்து, பக்கவாட்டில் வழுக்கி மேப்பிள் மரத்தில் மோதி நின்றது. இறங்கி டயரை உதைத்தான். கல். உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையும் பனிக்கட்டி. உடுமலையில் தண்ணீர் உறையாது என்பது அவன் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

மண்வாரியை எடுத்துக்கொண்டு வெறி பிடித்தவன்போல் வாரினான். இருபது அடி தாண்டுவதற்குள் சாரதா பையோடு வந்து நின்றாள்.

“அரை மணி நேரம் குடு சாரதா, காரை எறக்கிடலாம்.”

“கார் இங்க இல்லீங்க. நேத்தே கீழ ரோட்டோரம் பெட்ரோல் போடற கேஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டு நடந்து வந்துட்டேன். அங்க நேரமே ஸ்னோவைத் தள்ளிருவாங்க.”

மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினான். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க.” பையை மாட்டிக்கொண்டாள். “டியூட்டி மிஸ் ஆகலீங்க. வீட்டை விக்க வேண்டாம். உள்ள போங்க, கை மரத்துப்போயிரும்.”

சரிவில் இறங்கினாள். பாதியில் கால் இடறி விழுந்தாள். அவன் ஓடுவதற்குள் தானே கையை ஊன்றி எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பந்தயத்தில் ஜெயித்த நஞ்சப்பனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் ஒரு நாளும் டியூட்டி மிஸ் பண்ண மாட்டாள், இன்னும் எத்தனை குளிர்காலமானாலும் இப்படியே விழுந்து எழுந்து போய்க்கொண்டிருப்பாள்.

ஒன்பது மணிக்கு வீட்டுத் தரகருக்குப் போன் செய்து, பனி நின்றதும் ‘வீடு விற்பனைக்கு’ என்று போர்டு நட்டுவிடுங்கள் என்றான்.