சதுரத்துக்குள் அடங்காத மாடு

நெடுந்தீவில் மாடுகள் வெளியில் தம்பாட்டில் திரியும். யாருடையது என்பதைத் தொடையில் சுட்ட குறிதான் சொல்லும். மாட்டின் படத்தையும் குறியையும் பதிந்து வைக்க எங்கள் மாட்டுக்காரர் சங்கத்துக்கு நான்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். முதலில் எழுதியது கணினியிலேயே நிறுவி ஓடுவது. சாம்பல் நிறச் சாளரம், சாம்பல் நிறப் பொத்தான்கள். அழகென்று ஒருவரும் சொல்லவில்லை. அழுத்தினால் திறந்தது.

போன வருடம் எனக்குப் புத்தி கூடிவிட்டது. இப்போது எல்லாம் இணைய உலாவிக்குள்தான், எதையும் நிறுவத் தேவையில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களும் தங்கள் மாட்டைப் பார்க்கலாம் என்று சங்கத்தில் அரை மணி நேரம் பேசினேன். கனடாவிலிருந்து மாட்டைப் பார்த்து என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. புதிதாக எழுதினேன். நீல நிறம், மூலை வளைந்த பெட்டிகள், எல்லாப் படமும் ஒரே அளவுச் சதுரம். பழையதை அழிக்கவில்லை. முன்யோசனை என்று நினைக்கவேண்டாம், சோம்பல்தான்.

ஒருநாள் காலை சங்கத்துக்கு ஓர் அக்கா வந்தார். கணவர் இறந்து சில மாதங்கள்தான். அவருடைய சினைப்பசு இன்னொருவரின் பட்டியில் நின்றதாம். பட்டிக்கார அண்ணையும் பசுவை ஓட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தார். குறி மங்கிப்போய் இரண்டு பேருடையது போலவும் தெரிந்தது. படத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்கள்.

அன்று காற்று. இணையம் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பிள்ளை, மாடு இஞ்சை நிக்குது. படம் எங்கை?" என்றார் அக்கா.

"நெற் வரேல்லை அக்கா. கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுக்க ஏலாது. மத்தியான வள்ளத்திலை ஏத்தி விக்கப் போறன்," என்றார் அண்ணை.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பழைய நிரலை அழுத்தினேன். திறந்தது. அக்கா வீட்டுப் பதிவில் இருந்த படத்தில் அதே பசு, இடது காது கிழிந்திருந்தது. அண்ணை வெளியே போய்க் காதைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து, "ஓம், உங்கடை மாடுதான்," என்று கயிற்றை நீட்டினார்.

அக்கா கயிற்றை வாங்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். படத்தின் ஓரத்தில் பசுவைப் பிடித்தபடி அவருடைய கணவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். புதியதில் மாடு சதுரத்துக்குள் நிற்கவேண்டும் என்று நான் அவரை வெட்டிவிட்டிருந்தேன். அவரை மட்டுமல்ல, ஊரில் மாடு பிடித்துக்கொண்டு நின்ற எல்லாரையும்.

"இதை அழிச்சுப் போடாதையும் பிள்ளை," என்றார் அக்கா.

அழிக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது புதியதிலும் முழுப் படங்கள்தான். பெட்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கோணலாக நிற்கின்றன.