தவளைக்காக அடித்த மொட்டை

வெலிமடையிலிருந்து வந்த லீக்ஸ் மரக்கறிக் கட்டுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சை மரத்தவளை எங்கள் பதுளை வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் கொழும்புக்கே போய்விட்டார்கள். என் மனைவி அதைப் பழைய மீன் தொட்டியில் விட்டு, ஈ பிடித்துப் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

நான் செய்தி பார்க்கும் நேரம் பார்த்துத்தான் அது கத்தும். ஒரு மார்கழி மாலை, அவளுக்குத் தெரியாமல் தொட்டியை அடுப்படியிலிருந்து தூக்கிப் பின் ஜன்னலோரம் வைத்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி பாதிதான். விடிந்து பார்த்தால் தவளை தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகிக் கிடந்தது.

"கண்ணு பட்டிருச்சுங்க!" என்று அழுதபடி மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி தாங்காமல் நான் இருமினேன்.

தவளை செத்துவிடும், பழி என்மேல் விழும் என்று பயந்தேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை வாழையடியில் விட்டுவிட்டு, அடுப்படிச் சுவரின் வெளிப்புறச் சூட்டில் ஒட்டியிருந்த வேறொரு பச்சைத் தவளையைப் பிடித்துத் தொட்டியில் போட்டு, தொட்டியை அடுப்படிக்கே கொண்டுபோய் வைத்தேன். நோயாளி என்று நினைத்த ஒன்றைக் குளிரில் விட்டது இன்றும் உறுத்துகிறது.

அவள் ஓடி வந்தாள். "மாரியம்மா காப்பாத்திட்டாங்க! இது பொழச்சா ஒங்களுக்கு மொட்டை போடுறேன்னு நேர்ந்திருந்தேன்."

"என் தலையையா?"

"பின்ன, நானா மொட்டை போட முடியும்?"

மாதாமாதம் மை பூசிக் காப்பாற்றும் முடி. வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பாவி மனுசா! ஏம் புள்ள எங்க?"

வாழையடிக்கு ஓடினோம். வெயில் ஏறியிருந்தது. இலைமேல் ஒன்று பளபளவென்று பச்சையாக உட்கார்ந்திருந்தது.

"இதாங்க அது!"

"எப்படித் தெரியும்?"

"வளத்தவளுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிரில் மரத்தவளை கறுக்கும், சூடு பட்டால் தெளியும்; பயந்தாலும் நிறம் மாறும். தோட்டப் பாடசாலையில் காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்தத் தவளையோடு தொட்டியைத் திரும்ப அடுப்படியில் வைத்திருந்தாலே போதும்.

"இது நோயே இல்லை, குளிர்தான். நேர்த்தி செல்லாது," என்றேன்.

"பொழச்சிருச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை தோட்டத்து அம்மன் கோயிலில் உட்கார்ந்தேன். கத்தியைத் தீட்டியபடி நாவிதர் கேட்டார்: "எதுக்குங்க ஐயா வேண்டுதல்?"

"புள்ளைக்கு மேலுக்கு முடியாம இருந்துச்சு, இப்ப நல்லாயிருக்கு," என்றாள் என் மனைவி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.