வாலிலிருந்து படிப்பவர்

தேனியில் ஒரு லேப் வாசலில்தான் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். தோளில் நிற்காத பெரிய நீலச் சட்டை, பையில் ஒரு குட்டி நோட்டு. ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறவர்கள் நேராக அவரிடம்தான் நீட்டினார்கள். நீளமான ஆங்கில வார்த்தைகளை அவர் வாலிலிருந்து படித்தார்.

"'ஐட்டிஸ்'னு முடியுது ஆத்தா. வெறும் வீக்கந்தான். டாக்டர் மாத்திரை குடுப்பாக, பயப்படாமப் போ" என்று கோம்பையிலிருந்து வந்த ஒரு பெண்ணை அனுப்பிவைத்தார்.

ராயப்பன்பட்டியில் இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிற எனக்குச் சிரிப்பு வந்தது. நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஒரே மாதிரி முடிகிற வார்த்தைகள் பக்கம் பக்கமாக இருந்தன, எதிரே தமிழில் அர்த்தம். ஒரு தப்புகூட இல்லை.

"'ஓமா'ன்னு முடிஞ்சா கட்டி சார். பாதி ஒண்ணும் செய்யாது. சிலதுக்கு மட்டும் நான் வாயே தொறக்க மாட்டேன். உக்கார வச்சிட்டு, டாக்டரப் பாருங்கம்பேன். நின்னுக்கிட்டுக் கேட்டவுக விழுந்திருக்காக."

அந்த வாசலில் இருந்தது அவருடைய நாற்காலி ஒன்றுதான்.

இரண்டு மாத வயிற்று வலிக்காக என் மனைவிக்கு எடுத்த ரிப்போர்ட் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அல்சர்தான் என்று நினைத்திருந்ததால் நான் பிரிக்கக்கூட இல்லை. வாத்தியார் புத்தி போகுமா? பரீட்சை வைக்கிற மாதிரி உறையோடு அவரிடம் நீட்டினேன்.

"இதப் படிங்க, பாப்போம்."

படித்தார். மறுபடியும் படித்தார்.

"யாருக்கு சார்?"

"வீட்டம்மாவுக்கு."

அவர் எழுந்தார். நாற்காலியைத் துண்டால் துடைத்து என் பக்கம் இழுத்துப் போட்டார்.