மாந்தோப்புக்குப் போன சோழபுரத்து மண்

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். அச்சடித்த காகிதத்தில் இருந்தால்தான் எதையும் நம்புவார். சோழபுரத்தில் இருந்த என் அண்ணனோ மண்ணைக் கிண்டி விளையவைக்கிற நல்ல சம்சாரி. இவரைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ளே, பயறு மரத்துலயா காய்க்கி?" என்று கேட்டுச் சிரிப்பார். இவர் முகம் சுண்டிப்போகும். அப்போதெல்லாம் கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் அண்ணனை நாலு வார்த்தை கேட்கலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

அது உலகச் சண்டைக் காலம். அரிசிக்கு நாய்படாத பாடு. வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. ஒரு நாள், புது விவசாய முறை சொல்லித்தரும் சர்க்கார் டெமான்ஸ்ட்ரேட்டர் கொடுத்தார் என்று இவர் ஒரு சின்ன போத்தலும் அச்சடித்த காகிதமுமாக வந்தார்.

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடி இருக்கு. வேர்ல குடியிருந்து, காத்துல உள்ள உரத்தைப் பயிருக்குப் பிடிச்சுக் குடுக்குமாம். மாமரத்து நிழல்லகூட தட்டைப்பயறு வந்திருமாம். ஒங்கண்ணன் வந்து பாக்கட்டும்!"

ஆறின கஞ்சியில் அதைக் கலந்து விதையில் பிசறிக் காயவைக்கச் சொன்னார். மில் சங்கு ஊதவும் ஓடிவிட்டார். ஈர விதையை எங்கே போடுவார்கள்? சுளகில் பரப்பி நல்ல வெயிலில் வைத்தேன். கோயிலில் ஜெபம் முடிந்து வந்த பக்கத்துத் தோப்பு அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் இவர் அந்தக் காகிதத்தை எடுத்து வாசித்தார். வெயில் பட்டால் உயிர்கள் செத்துப்போகுமாம். நிழலில்தான் உலர்த்த வேண்டுமாம்.

"நிழல்லதான போட்ட?"

"ஆமா" என்றேன். அவ்வளவு பெரிய பொய்யை அதற்குமுன் நான் சொன்னதில்லை.

எங்கள் அப்பா புது நிலத்தில் பயறு போட்டால், முந்தி பயறு நன்றாக விளைந்த புஞ்சைக் காட்டு மண்ணைக் கொண்டுவந்து தூவுவார். அந்த மண்ணிலும் இதே உயிர்தான் இருக்கும் என்று தோன்றியது. மறுநாளே சோழபுரம் போனேன். பூச்செடிக்கு என்று சொல்லி, பயறு விளைந்த காட்டில் இரண்டு மூடை மண் வாங்கினேன். "அம்புட்டு மண்ணுல என்ன பூவுடி பூக்கப்போகுது?" என்றார் அண்ணன். இவர் மில்லுக்குப் போன நேரத்தில், விதை போட்டிருந்த தோப்பில் தூவிவிட்டேன்.

பயிர் நிழலிலும் கருகருவென்று வந்தது. இவர் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் இருந்த முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, அந்த உயிர்கள் வேலை செய்கிறதற்கு அதுதான் அடையாளமாம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, பயற்றுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். கேலிக்கு வாயே திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இவர் நடந்த நடை இருக்கிறதே, அதை இன்னொரு தரம் பார்க்க மாட்டோமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

மறு வருஷம் இவர் பக்கத்துத் தோப்பு அக்காவுக்கும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தார். இருபது நாளில் எங்கள் பயிர் பச்சையாக நிற்க, அவள் தோப்பில் அத்தனையும் மஞ்சளாக வெளுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தப் பயற்றைத்தான் அவள் நம்பியிருந்தாள். இவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிழல்லதான காயப்போட்டிய?"

"இல்லியே தம்பி. ஒங்க வீட்ல போட்ட மாதிரியே வெயில்லதான் போட்டேன். போன வருசம் என் கண்ணால பாத்தேனே!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அன்று ராத்திரி சோற்றில் கைவைக்காமல் எழுந்து போனார்.

அக்கா மறுபடி விதைக்க மண் வேண்டும். எங்கள் தோப்பில் பயிர் நிற்கிறது, தோண்ட முடியாது. காலையில் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு வண்டி பிடித்து, என்னையும் ஏறச் சொன்னார். சோழபுரம் போய்ச் சேர்ந்ததும், வரப்பில் நின்றிருந்த அண்ணனிடம் நேரே போனார்.

"மச்சான், நம்ம தோப்புல பயறு வந்தது போத்தலால இல்ல, ஒங்க காட்டு மண்ணால. ஒங்க தங்கச்சி எனக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கா. இப்ப நான் தெரிஞ்சே கேக்கேன். பக்கத்துத் தோப்புக்கு ரெண்டு மூடை குடுங்க."

இந்த மனுஷனிடமா பொய் சொன்னோம் என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியிலேயே அழுதேன்.