கட்டையில் சுற்றிய கதை

என் தம்பி செல்லூரில் கைத்தறி நெய்தவன். எழுபத்தெட்டாம் வருசமோ எழுபத்தொன்பதோ, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது பரணில் ஒரு மூங்கில் கட்டை கிடைத்தது. நூல் பண்டலைச் சுற்றிவரும் காக்கித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் சுருட்டியிருந்தான். தாள் நிறைய அவன் கையெழுத்து. ஏதோ மாயக் கதை எழுதுகிறான் என்பது மட்டும் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"நான் வாசிக்கிறேன்" என்றேன்.

எங்கள் அண்ணன் சிரித்துவிட்டார். "நீயா? நீ போர்டப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு விளாங்குடியத் தாண்டிரும். எதுக்கு ஆத்தா ஒனக்கு இம்புட்டு வீம்பு?"

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். அதற்காக நாலு பேர் முன்னால் சொல்வதா? "வருசத் திதியன்னைக்கு இதே எடத்துல உக்காந்து நானே வாசிப்பேன். அதுவரைக்கும் ஒருத்தரும் இதத் தொடப்படாது" என்று சொல்லிவிட்டேன்.

தம்பி பெண்டாட்டி கட்டையை என் மடியில் வைத்தாள். "முழுசா வாசிச்சிருங்க மதினி. அவுக மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

மத்தியானம் சோறு உண்டபின் ஒரு தாளை உருவுவேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டுவேன். ஒரே தாள் மூன்று நாள் இழுப்பதும் உண்டு. தெப்பக்குளத்துத் தண்ணீருக்கு அடியில் ஒரு பட்டணம். அங்கே தறி போடப் போன நெசவாளி, எடுத்த எடுப்பிலேயே செத்துக் கிடந்தான், மீன்கள் அழுதன. மூன்றாம் தாளில் எழுந்து நடந்தான். ராசாவின் காயம் ஆறியது, அதற்குப் பிறகு கத்தி வந்தது. நெசவாளியின் மகள் குமரியாக இருந்து தொட்டிலுக்குப் போனாள். மாயக் கதை என்றால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணன் காதுக்குப் போகும். கேட்கவில்லை.

பதினோராம் மாசம் கட்டையோடு ஒட்டிக் கிடந்த கடைசித் தாளை எடுத்தேன். அதன் தலையில் பிள்ளையார் சுழி!

தறியில் முதலில் நெய்த துணி கட்டையை ஒட்டி உள்ளே போகும், கடைசியாக நெய்தது மேலே நிற்கும். தம்பியும் எழுதி முடித்த தாளை அப்படித்தானே சுற்றியிருப்பான்? தறிக்காரன் மகளாய்ப் பிறந்து, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. பத்து மாசமாகக் கதையை முடிவிலிருந்து வாசித்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பத்து மாசம் இழுத்த கதை இந்தத் தடவை இருபது நாளில் முடிந்தது. என்னாலேயே நம்பமுடியவில்லை. எழுத்து என் கண்ணுக்குப் பழகியிருந்தது.

திதியன்று எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து வாசித்தேன். எங்கும் தடுக்கவில்லை. நெசவாளி செத்து, மீன்கள் அழுத இடத்தில் தம்பி பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு மேல் தாள் இல்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. என் மானம் போனாலும் போகட்டும் என்று நான் தலைகீழாக வாசித்த கூத்தைச் சொன்னேன். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள், ஒரு வருசத்துக்குப் பிறகு.

"அப்ப அவுக எந்திரிச்சு வருவாகளா?"

"வருவான்."

"அப்ப அப்பிடியே வாசிங்க மதினி."

"வாசி ஆத்தா, நேரம் கெடக்கு" என்றார் அண்ணன்.

கடைசித் தாளிலிருந்து பின்னோக்கி வாசித்தேன். செத்தவன் எழுந்தான், குளத்தை விட்டு ஏறினான், மகளைத் தொட்டிலில் ஆட்டினான். பிள்ளையார் சுழி போட்ட தாள் வந்தது. அதில் நெசவாளி தறியில் உட்கார்ந்திருக்கிறான்; கஞ்சி ஆறுகிறது என்று மனைவி கூப்பிடுகிறாள். "இந்தா வாரேன்" என்கிறான். தாள் அத்தோடு முடிகிறது.

"அப்பிடித்தான் சொல்லுவாக" என்றாள் தம்பி பெண்டாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சொல்லிட்டு அரை மணி நேரம் வரமாட்டாக."